ஐராவதிக் கரையில் மூவாயிரம் கோயில்கள்

பர்மா என்று நம்மவர்கள் வெகுகாலமாய் அழைத்து வந்த மியான்மர் தேசத்தின் நடுப்பாகத்தில், ஐராவதி நதி வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு வறண்ட சமவெளி கிடக்கிறது. மழை குறைவு. கள்ளியும் வேலமரமும் கடலைச் செடியும் எள்ளும் தவிர வேறு பயிர் பச்சை அதிகம் கிடையாது. எங்கு நோக்கினாலும் பனைமரங்கள். பனையேறிப் பதநீர் இறக்குகிறார்கள். காய்ச்சி வெல்லக்கட்டி பிடிக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒருவரைக் கண்ணைக் கட்டி அங்கே கொண்டுபோய் விட்டால், திருச்செந்தூர்ப் பக்கம் எங்கோ நிற்பதாகத்தான் முதலில் நினைப்பார். கண்ணை நன்றாகத் திறந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். பனைகளுக்கு நடுவே, பனைகளைவிட உயரமாக, செங்கல் கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. பத்து அல்ல, நூறு அல்ல. இடிந்தவை, மண்மேடாய்ப் போனவை எல்லாம் சேர்த்து 3,500-க்கு மேல் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இதுதான் பகான். கி.பி. 11-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 13-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை பர்மியர்களின் தலைநகராய் இருந்த ஊர். ‘அரிமர்த்தனபுரம்’, அதாவது பகைவரை நசுக்கும் நகரம், என்பது அதன் சாஸ்திரோக்தமான பெயர். அரண்மனைகள் மரத்தால் ஆனவை, ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஜனங்கள் குடியிருந்த வீடுகளும் மூங்கிலும் மரமுமே; அவையும் போயின. புத்தருக்கென்று கட்டியவை மட்டும் செங்கல்லால் கட்டப்பட்டன. ஆகவே மனிதர்களின் நகரம் மறைந்து, தெய்வத்தின் நகரம் தனியே நிற்கிறது.

அநிருத்தன் செய்த புரட்சி

பகானின் மகிமையைத் தொடங்கி வைத்தவன் அனவ்ரதா என்ற அரசன். அநிருத்தன் என்ற வடமொழிப் பெயர்தான் பர்மியர் நாவில் அப்படித் திரிந்திருக்கிறது. 1044 முதல் 1077 வரை ஆண்டவன். தெற்கே தாட்டோன் என்ற மோன் இனத்தாரின் நகரத்திலிருந்து ஷின் அரஹான் என்ற பிக்ஷு அவனிடம் வந்து சேர்ந்தார். அவருடைய உபதேசத்தால் அரசன் தேரவாத பௌத்தத்தைத் தழுவினான். திரிபிடகத்தின் பிரதிகளைத் தரும்படி தாட்டோன் அரசன் மனுஹாவுக்குத் தூது அனுப்பினான், அவன் மறுத்தான், 1057-ல் படையெடுத்துச் சென்று நகரத்தை வென்று, 32 வெள்ளை யானைகளின் மேல் ஏடுகளை ஏற்றி, மனுஹாவையும் சிறைப்பிடித்து வந்தான் என்று பர்மிய நாளாகமங்கள் வருணிக்கின்றன. புனித நூலுக்காக நடந்த யுத்தம்! அண்மைக்கால ஆராய்ச்சியாளர்களில் சிலர் இந்தப் படையெடுப்பையே சந்தேகிக்கிறார்கள். ஆனால் பகானில் உள்ள எந்தக் கிழவரிடம் கேட்டாலும் யானைக் கதையைத்தான் சொல்வார்.

புதிய மதத்தைக் கொண்டுவந்த அநிருத்தன் பழைய தெய்வங்களை என்ன செய்தான் என்பது ருசிகரமானது. பர்மியர்கள் ‘நாட்’ என்னும் ஆவிகளை வழிபட்டு வந்தவர்கள். துர்மரணம் அடைந்த வீரர்களும் பெண்களும் நாட்டுகளாய் மாறிவிடுவதாக நம்பிக்கை. நமது கிராமங்களில் காத்தவராயனுக்கும் மதுரை வீரனுக்கும் பூசை நடப்பதைப் போல. அரசன் அவற்றை ஒழிக்கப் பார்த்தான், முடியவில்லை. கடைசியில் ஒரு சமரசம் செய்தான். நாட்டுகளின் எண்ணிக்கையை 37 என்று வகுத்து, அவற்றுக்குத் தலைவனாகத் தஜ்யமின் என்ற தேவராஜனை வைத்தான். தஜ்யமின் வேறு யாருமல்ல, நம் இந்திரன்தான்! நாட்டுகளின் உருவங்களை ஷ்வேஸிகோன் ஸ்தூபியின் பிராகாரத்திலேயே இடம்கொடுத்து வைத்தான். பழைய தெய்வத்தைக் கும்பிட வருகிறவன் புத்தரையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அரசனின் யுக்தி. யுக்தி பலித்தது. இன்றைக்கும் ஷ்வேஸிகோனில் தங்கத் தகடு வேய்ந்த ஸ்தூபியை வலம் வருகிறவர்கள், மூலையில் உள்ள நாட் சந்நிதியையும் விடுவதில்லை.

அந்த ஸ்தூபியின் தளவரிசையில் சிறு குழி ஒன்று இருக்கிறது; அதில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். அண்ணாந்து சிகரத்தைப் பார்த்தால் அரசனின் கிரீடம் பின்னால் விழுந்துவிடுமாம். ஆகவே குனிந்து குழியில் தெரியும் நிழலைப் பார்த்துக்கொள்வானாம். வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை.

சிறைப்பட்டவன் கட்டிய கோயில்

மனுஹா அரசனின் கதைக்கு வருவோம். ராஜ்யத்தை இழந்து, தலைநகருக்குத் தெற்கே மியின்கபா கிராமத்தில் வைக்கப்பட்ட அவன், தன்னிடம் எஞ்சியிருந்த மாணிக்கத்தை விற்று 1067-ல் ஒரு கோயில் கட்டினானாம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமான சதுரக் கட்டடம். உள்ளே போகிறவருக்கு மூச்சு முட்டும். பிரம்மாண்டமான மூன்று புத்தர்கள் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் உள்ளவரின் தோள்கள் இரு பக்கச் சுவர்களையும் உராய்கின்றன. தலை கூரையை நெருக்குகிறது. வணங்குபவர் நிற்கவும் இடமில்லை. பின்புறம் போனால், சயனக் கோலத்தில் நீண்டு கிடக்கும் நிர்வாண புத்தர். அவருக்கும் அறை அளவு போதவில்லை. சிறையில் கிடப்பவன் படும் அவஸ்தையை வாய் திறந்து சொல்ல முடியாத அரசன், கல்லையும் சுதையையும் கொண்டு சொன்னான் என்கிறார்கள். கலை வல்லவர்கள் வேறு காரணம் கூறலாம். நேரில் நிற்பவருக்கு வேறு காரணம் தேவைப்படாது.

படுத்திருக்கும் புத்தரின் முகத்தில் மட்டும் புன்னகை இருக்கிறது. மரணத்தில்தான் விடுதலை என்று மனுஹா நினைத்தான் போலும்.

ஆனந்தா

பகானின் கோயில்களுக்கெல்லாம் ராணி எது என்று கேட்டால் ஆனந்தா என்றுதான் பதில் வரும். கியன்ஸித்தா அரசன் எடுப்பித்தது. 1105-ல் முடிந்ததாகச் சொல்வது வழக்கம். இமயமலையிலிருந்து வந்த இந்தியப் பிக்ஷுக்கள், தாங்கள் வசித்த நந்தமூலக் குகையின் தோற்றத்தை அரசனுக்குத் தியானபலத்தால் காட்டினார்களாம். அதைப் பார்த்துக் கட்டியதாம். நான்கு திசையிலும் வாயில் மண்டபம். நடுவே சதுரமான கட்டடம். படிப்படியாய் மேலேறும் தளங்கள். உச்சியில் பொன் பூசிய சிகரம். மொத்த உயரம் ஏறக்குறைய 170 அடி.

பகானின் கட்டடங்கள் இருவகை. ஒன்று உள்ளே வெற்றிடம் இல்லாத ஸ்தூபி. மற்றது உள்ளே புகுந்து வழிபடக்கூடிய ‘கு’. குஹா என்ற பாலிச் சொல்லிலிருந்து வந்தது, நமது குகைதான். செயற்கையாய்க் கட்டிய குகை என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பகான் கொத்தர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தக் காலத்தில் இந்தியாவின் ஸ்தபதிகள் கல்லின்மேல் கல்லை முன்தள்ளி அடுக்கிக் கூரையை மூடிவந்தபோது, பர்மியர்கள் செங்கற்களை ஆரமாய் நிறுத்தி உண்மையான வளைவு கட்டத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த வளைவுகள்தான் இத்தனை பாரத்தைத் தாங்கி ஒன்பது நூற்றாண்டு நிற்கின்றன.

ஆனந்தாவின் உள்ளே நான்கு திசைகளை நோக்கி நான்கு புத்தர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் முப்பது அடிக்கு மேல் உயரம். மேலே சுவரில் மறைவாய் விட்டிருக்கும் சாளரத்தின் வழியாக வரும் வெளிச்சம் நேரே திருமுகத்தில் விழும்படி அமைத்திருக்கிறார்கள். சுற்றிலும் இருள், முகம் மட்டும் பிரகாசம். தெற்குப் புத்தரைப் பாதத்தருகே நின்று பார்த்தால் முகம் கடுமையாக இருக்கும். பின்னோக்கி நடந்துகொண்டே போனால் மெல்லச் சிரிக்கத் தொடங்கும். அருகில் நின்றவர் அரசர், தூரத்தில் நின்றவர் குடிகள் என்று வேடிக்கையாய் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. தெற்கிலும் வடக்கிலும் உள்ளவை ஆதி விக்கிரகங்கள். மற்ற இரண்டும் பிற்காலத்தில் மாற்றி வைத்தவை. மேற்குப் புத்தரின் காலடியில் மண்டியிட்டுக் கைகூப்பும் இரண்டு சிறு உருவங்கள் உண்டு. ஒன்று ஷின் அரஹான், மற்றொன்று கியன்ஸித்தா. இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிய அரசன் தனக்கென்று எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவுதான்.

பட்டம் கிடைக்காத பிள்ளை

இந்தக் கியன்ஸித்தாவுக்கு வாலிபத்தில் பெரும் சோதனை. முந்தைய அரசனின் கோபத்துக்கு ஆளாகி ஊர் ஊராய் ஒளிந்து திரிந்தான். அப்போது வனத்தில் ஒரு தபசியின் உறவுப் பெண்ணைக் கண்டு மணந்தான். அவள் கர்ப்பமாய் இருக்கையில் அரண்மனைக்குத் திரும்பும்படி நேர்ந்தது. கணையாழியைக் கழற்றிக் கொடுத்து, பெண் பிறந்தால் இதை விற்று வளர்த்துக்கொள், ஆண் பிறந்தால் என்னிடம் அழைத்து வா என்று சொல்லிப் போனான். ஆண் பிறந்தான். தாய் அவனை அழைத்துக்கொண்டு வந்தபோது கியன்ஸித்தா அரசனாயிருந்தான். ஆனால் காரியம் மிஞ்சிவிட்டது. தனக்கு ஆண் சந்ததி இல்லை என்று எண்ணி, மகள் வயிற்றுப் பேரனுக்குப் பட்டம் என்று ஏற்கெனவே சபையில் வாக்குக் கொடுத்துவிட்டான். சகுந்தலையின் கதை நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் இங்கே பரதனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் ராஜகுமாரன். வேறு தேசமாயிருந்தால் ஓர் உள்நாட்டு யுத்தம் மூண்டிருக்கும். ராஜகுமாரன் என்ன செய்தான் என்பது நாளாகமக் கதையாக அல்ல, கல்லிலேயே எழுதிக் கிடக்கிறது. தாயார் இறந்தபின் அரசன் அவளுடைய ஆபரணங்களையும், அவளுக்கு அளித்திருந்த மூன்று கிராமத்து அடிமைகளையும் மகனுக்குக் கொடுத்தான். 28 ஆண்டு ஆண்டபின் அரசன் மரணப் படுக்கையில் விழுந்தான். ராஜகுமாரன் அந்த ஆபரணங்களை உருக்கிப் பொன்னால் ஒரு புத்தரைச் செய்து, தந்தையின் படுக்கைக்கு அருகே கொண்டுவந்து வைத்தான். தங்களுக்காகச் செய்த விக்கிரகம் இது, தாங்கள் கொடுத்த மூன்று கிராமங்களையும் இதற்கே விட்டுவிடுகிறேன் என்றான். நோயாளி அரசன் சாது, சாது என்று மகிழ்ந்து, மகாதேரர்கள் முன்னிலையில் தாரை வார்த்துக் கொடுத்தான். அந்தப் புத்தருக்கு ராஜகுமாரன் கட்டிய கோயில்தான் மியின்கபாவில் உள்ள குப்யாவுக்ஜி. 1113-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கல்லில் துளையிட்ட சாளரங்கள் வழியே கொஞ்சமாய் வெளிச்சம் வரும் அந்த இருட்டுக் கோயிலின் சுவர்களில் ஜாதகக் கதைகளை வரிசை வரிசையாய்த் தீட்டி, கீழே மோன் மொழியில் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. விளக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாய்ப் பார்க்கவேண்டும்.

ராஜகுமாரனின் சாசனம் அடுத்தாற்போல் உள்ள மியஸேதி ஸ்தூபியருகே கிடைத்தது. ஒரு கல் தூண், நான்கு முகம், நான்கு மொழி. பாலி, மோன், பர்மியம், பியூ. பர்மிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அது ஒன்று. பியூ மொழி பேசுவாரற்றுப் போய், எழுத்தும் புரியாமல் கிடந்தது. மற்ற மூன்று முகங்களில் உள்ள அதே சங்கதிதான் நான்காவதிலும் என்று கண்டு, பிளாக்டன் என்ற ஆங்கிலப் புலவர் 1911-ல் அதை ஒருவாறு வாசித்து வெளியிட்டார். பட்டம் கிடைக்காத மகன் தகப்பனுக்காக எழுதி வைத்த கல், எண்ணூறு ஆண்டு கழித்து ஒரு செத்த மொழிக்கு வாய் கொடுத்தது. 2015-ல் யுனெஸ்கோ உலக ஞாபகப் பதிவேட்டில் அதைச் சேர்த்துக்கொண்டது.

மலைமண்டலத்து வியாபாரி

நகரத்தின் பழைய மதிலுக்குள், தப்யின்யு என்ற மிக உயரமான கோயிலின் அருகே, அதிகம் பேர் எட்டிப் பார்க்காத சிறு கோயில் ஒன்று உண்டு. பெயர் நாட்லவுங் ஜாவுங். ஆவிகளை அடைத்து வைத்த இடம் என்று அர்த்தம். அநிருத்தன் ஒதுக்கிய பழைய தெய்வங்களை இங்கே போட்டுப் பூட்டினான் என்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த ‘ஆவி’ திருமால்! வெளிச்சுவர் மாடங்களில் தசாவதார உருவங்கள், பாதி சிதைந்துவிட்டன. பௌத்தக் கோயில்கள் நிறைந்த பகானில் எஞ்சி நிற்கும் ஒரே ஹிந்துக் கோயில் இது.

பகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுச் சாசனம் ஒன்று தமிழில் இருக்கிறது. தொடக்கத்தில் குலசேகர ஆழ்வாரின் முகுந்தமாலையிலிருந்து ஒரு சுலோகம். பிறகு தமிழ் வாசகம். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த, அதாவது இன்றைய கொடுங்கல்லூரைச் சேர்ந்த, குலசேகர நம்பி என்பவர், அரிவத்தனபுரம் என்னும் புக்கத்தில் உள்ள நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவும் இட்டு, எரிவதற்கு நிலைவிளக்கு ஒன்றும் வைத்தார் என்பது செய்தி. புக்கம் என்பது பகான். நானாதேசி என்பது பல தேசம் சென்று வாணிகம் செய்த வணிகர்களின் குழு. மேற்குக் கடற்கரையில் பிறந்தவர் தெற்குமுனையைச் சுற்றி, வங்கக் கடலைக் கடந்து, ஐராவதியில் பல நாள் எதிர்நீச்சலாய்ப் பயணம் செய்து அங்கே போயிருக்க வேண்டும். போன இடத்தில் பெருமாள் கோயில் ஒன்று இருந்தது. அதற்குக் கதவில்லாத குறை கண்ணில் பட்டது. பௌத்த அரசர்களும் அதைத் தடுக்கவில்லை. கியன்ஸித்தாவின் அரண்மனைக் கிருகப்பிரவேசத்திலேயே பிராமணர்கள் திருமாலுக்குப் பூசை செய்ததை அவனுடைய மோன் சாசனம் விஸ்தாரமாய்க் கூறுகிறது.

புண்ணியத்தின் விலை

எல்லாக் கோயிலையும் சொல்லி மாளாது. ஸுலமணி 1183-ல் கட்டியது; ஹ்டிலோமின்லோ அதற்குப் பின். தம்மயாங்ஜியை மட்டும் தாண்டிப்போக முடியாது. தந்தையையும் தமையனையும் கொன்று பட்டமேறிய நரத்து என்பவன் பாவம் தீர எழுப்பியது. செங்கற்களுக்கிடையே ஊசி நுழைந்தால் கொத்தன் கையை வெட்டிவிடுவானாம். வேலை அவ்வளவு நெருக்கமாய்த்தான் இருக்கிறது. ஆனால் உட்சுற்றுப் பாதை முழுவதும் செங்கல்லால் தூர்க்கப்பட்டிருக்கிறது. ஏன், யார் தூர்த்தார்கள் என்பதற்கு ஊரார் பத்துக் காரணம் கூறுவர். நரத்துவே நாலைந்து ஆண்டுகளில் கொலையுண்டான்.

இத்தனை கோயிலுக்கும் மடத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அரசன் மட்டுமல்ல, ராணி, மந்திரி, சேனாபதி, காசுள்ள குடியானவன் வரை புண்ணியம் தேடிக் கட்டினார்கள். கட்டியதோடு நில்லாமல் அதன் பராமரிப்புக்கு வயலும் தோப்பும் அடிமைகளும் எழுதிவைத்தார்கள். மதத்துக்கு விட்ட நிலத்துக்கு வரி கிடையாது. திரும்பப் பெறவும் முடியாது. இருநூறு ஆண்டு இப்படி நடந்ததில் நல்ல நஞ்சை எல்லாம் சங்கத்தின் கைக்குப் போய், அரசனின் பொக்கிஷம் வற்றியது. 13-ஆம் நூற்றாண்டில் கியாஸ்வா என்ற அரசன் நிலத்தை மீட்கப் பார்த்தான், ஈடேறவில்லை. சேனைக்குக் கொடுக்கப் பணமில்லாத வேளையில்தான் குப்ளாய்கானின் மங்கோலியர்கள் வடக்கே வந்தார்கள். கடைசிப் பேரரசன் நரதிஹபதி மிங்கலாஸேதி என்ற அழகான ஸ்தூபியைக் கட்டி முடித்தான். அது முடியும் நாளில் ராஜ்யமும் முடியும் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்களாம். அவன் தெற்கே ஓடினான். 1287-ல் சொந்த மகனாலேயே மாண்டான். ‘சீனருக்கு ஓடிய அரசன்’ என்பதே அவனுக்குச் சரித்திரம் கொடுத்த பட்டம். பிக்ஷுக்கள் தங்குவதற்கென்று தாழ்வாய்க் கட்டிய கியன்ஸித்தா ஊமின் என்ற இருட்டறைகளின் சுவரில் மங்கோலிய வீரர்களின் சித்திரம் இருக்கிறது.

பிக்ஷுக்களின் மடங்கள் கோயில்களைவிட அதிகமாய் அழிந்தன. பல மரத்தால் ஆனவை. தப்பிய செங்கல் மடங்களில் ஸோமின்ஜியைப் பார்க்கலாம்: நடுவே முற்றம், சுற்றிலும் ஓராள் படுக்கக்கூடிய அறைகள், ஒரு பக்கம் சந்நிதி. கிழக்கே மின்னந்து கிராமத்தருகே, பூமிக்கடியில் குடைந்த சுரங்கங்களில் இன்றும் பிக்ஷுக்கள் தியானம் செய்யும் மடம் ஒன்று உண்டு. மேலே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி.

இடிந்ததும் கட்டியதும்

1975 ஜூலை 8-ல் பூகம்பம் வந்து பல கோபுரங்களைச் சாய்த்தது. நதிக்கரையில் நின்ற பூபயா ஸ்தூபி நொறுங்கி ஐராவதியில் விழுந்தது. அதைத் திரும்பக் கட்டினார்கள். 1990-ல் அன்றைய ராணுவ அரசாங்கம் பழைய மதிலுக்குள் குடியிருந்த ஜனங்களைத் தெற்கே புதுப் பகானுக்குக் கிளப்பியது. பரம்பரையாய்க் கோயில் நிழலில் வாழ்ந்தவர்கள் வெறும் பொட்டலில் மறுபடி வீடு கட்டிக்கொண்டார்கள். பிறகு இடிந்த கோயில்களுக்குப் புதுச் செங்கல்லில் புதுச் சிகரங்கள் எழுந்தன. பழைய சிகரம் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லாத இடத்தில் ஊகமே துணை. வெளிநாட்டு நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். உள்ளூர் பக்தருக்கோ உடைந்த கோயிலைச் செப்பனிடுவது புண்ணியம்; காட்சிச்சாலைப் பொருளைப்போல உடைசலாய் விட்டுவைப்பதுதான் அவருக்குப் புரியாத செயல். நம் நாட்டிலும் கும்பாபிஷேகம் என்ற பெயரில் பழைய சுவரோவியங்களின்மேல் வெள்ளையடித்தவர்களும் பக்தர்கள்தாமே!

2016 ஆகஸ்ட் 24-ல் மறுபடி பூமி அசைந்தது. சுமார் 400 கட்டடங்கள் சேதம். ஸுலமணியின் உச்சி புழுதி மண்டலமாய்ச் சரிந்தது. விழுந்ததில் கணிசமான பகுதி புதிதாய்க் கட்டியதுதான். எண்ணூறு ஆண்டுச் செங்கல் பல இடங்களில் அசையாமல் நின்றது. அதன்பின் கோயில்களின்மேல் ஏறிச் சூரியாஸ்தமனம் பார்க்கும் வழக்கத்துக்குத் தடை வந்தது. 2019 ஜூலையில் பகான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 2021-ல் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபின் அயல்நாட்டு யாத்திரிகர் வரவு அருகிப் போயிற்று. குதிரை வண்டிக்காரர்களுக்கும், மியின்கபாவில் மூங்கில் பின்னி அரக்குப் பூசிக் கிண்ணமும் பெட்டியும் செய்யும் தொழிலாளிகளுக்கும் கஷ்டகாலம்.

வெளியார் வருகைக்காகக் காத்திராத ஒரு காரியம் உண்டு. தை மாதத்தையொட்டி வரும் பௌர்ணமியில் ஆனந்தாவின் திருவிழா. சுற்றுக் கிராமத்தார் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு, சட்டி பானை, பாய், கருப்பட்டி எல்லாம் விற்கவும் வாங்கவும் வந்து, கோயிலைச் சுற்றி முகாம் போட்டுவிடுவார்கள். பிக்ஷுக்கள் இரவும் பகலும் ஓயாமல் சூத்திரம் ஓதுவார்கள். பௌர்ணமியன்று விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பிக்ஷாபாத்திரங்கள் வரிசையாய் நிற்க, ஊரார் குடும்பம் குடும்பமாய் வந்து அரிசியும் பழமும் இடுவார்கள். கோயிலுக்குள் செருப்பும் காலுறையும் கூடாது. தரையெங்கும் நெருஞ்சி முள். போகிறவர்கள் கீழே பார்த்து நடப்பது நல்லது.